கற்பனை நாவலுக்கு ஒரு வீரர் சபை: நைட் (knight) கதைகளின் கம்பீரத்தைப் பாண்டிய நாட்டு மண்ணில் எப்படிக் கொண்டுவருவது?

சிம்மக்கல் ராக்கோழி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு மாயாஜால நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். நாட்டுக்கு வேறு பெயர் வைத்திருக்கிறேன், ஆனாலும் மதுரை, மேலூர், திருப்புவனம் பக்கம் என்று வாசிக்கிறவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். மழை பெய்தால் மட்டும் ஓடுகிற ஆறு, ஊருக்கு ஒரு கண்மாய், பனங்காடு, கரட்டு மலை. அந்தக் கண்மாய்களின் அடியில் பழைய சக்தி ஒன்று உறங்குகிறது. மடையைக் கைப்பற்றுகிறவனுக்கு அது வசப்படும். அதை எவன் கையிலும் சிக்காமல் காப்பதற்கு ஒரு வீரர் சபை வேண்டும்.

மேலைநாட்டு நைட் கதைகள், அதாவது பட்டம் பெற்ற குதிரைவீரர்களின் கதைகள் என்றால் எனக்கு உயிர். 7 வயதில் பையனைப் பிரபு வீட்டில் கொண்டுபோய் விடுவார்கள். 14 வயதில் அவன் ஸ்குயர் ஆகி ஒரு நைட்டின் கவசத்தையும் குதிரையையும் பார்த்துக்கொள்வான். 21 வாக்கில், ஓர் இரவு முழுக்கத் தேவாலயத்தில் ஆயுதங்களின் முன் கண்விழித்துவிட்டு, மறுநாள் மண்டியிட்டு நைட் ஆவான். படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும். ஒரு மனிதன் பலர் முன்னால் வாக்குக் கொடுத்து, அந்த வாக்கைத் தன் பெயரோடு சேர்த்துச் சுமக்கிறான் அல்லவா, அந்தக் கனம் என் கதையில் வேண்டும். ஆனால் கற்கோட்டையையும் பனியையும் இரும்புக் கவசத்தையும் அப்படியே தூக்கிவந்து சித்திரை வெயிலில் நிறுத்தினால் கதை நிற்காது.

மீனாட்சி அம்மன் கோயில் ஆயிரங்கால் மண்டபத்து வாசலில், முன்னங்கால் தூக்கிய குதிரைமேல் விசுவநாத நாயக்கரின் தளவாய் அரியநாத முதலியார் இருக்கிறாரே, அந்தச் சிலையிடம் அடிக்கடி போய் நிற்பேன். விசுவநாத நாயக்கர் காலத்தில் 72 பாளையம், மதுரைக் கோட்டையில் 72 கொத்தளம், கொத்தளத்துக்கு ஒரு பாளையக்காரர் பொறுப்பு என்கிறார்கள். அதையே சபையாக்கலாமா? இல்லை, இன்னும் பழையதாக ஏதாவது இருக்கிறதா? குதிரை, சத்தியம், தலைமை, சாப்பாட்டுக்கு வழி, எதைப் பற்றித் தெரிந்தாலும் சொல்லுங்கள்.

---

தெற்குவாசல்காரன்:

தம்பி, முதலில் நைட் வேறு, நைட் ஆர்டர் (நைட்களின் சபை) வேறு என்று பிரித்துக்கொள்ளுங்கள். நைட் என்பவன் ஒரு பிரபுவின் ஆள். நிலம் கிடைக்கும், அதற்குப் பதிலாகச் சண்டைக்கு வருவான். உங்கள் பாளையக்காரர்கள் இந்த வகை. நிலமும் பட்டமும் அப்பனிடமிருந்து மகனுக்குப் போகும். கதையில் அவர்களுக்கு நல்ல இடம் உண்டு, ஆனால் சபை என்று சொல்ல முடியாது.

ஆர்டர் என்றால் ஒரு விதிமுறை வேண்டும், சொந்தமாக வீடும் சொத்தும் வேண்டும், அரசன் செத்தாலும் தொடர்கிற ஆயுள் வேண்டும். டெம்ப்ளர்கள் என்ற நைட் சபையினர் 1119 வாக்கில் எருசலேமில் ஒரு சிறு கூட்டமாகத்தான் தொடங்கினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட வேலை ஒன்றுதான்: கடற்கரையிலிருந்து எருசலேமுக்குப் போகிற யாத்ரீகர்களைக் கொள்ளைக்காரர்களிடமிருந்து காப்பது. 1129இல் பிரான்சின் ட்ருவா (Troyes) நகரத்தில் கூடிய திருச்சபைக் கூட்டத்தில் விதிமுறை எழுதப்பட்டது. ஒரு நைட்டுக்கு இத்தனை குதிரை, இத்தனை உதவியாள் என்பது வரைக்கும் அதில் இருக்கிறது. வறுமை, பிரம்மச்சரியம், கீழ்ப்படிதல் என்று மூன்று சத்தியம். தனி ஆளுக்குச் சல்லிக்காசு கிடையாது, சபையிடம் மட்டும் பணம் குவிந்தது. ஓர் ஊரில் பணத்தைக் கட்டிவிட்டுச் சீட்டைக் காட்டி இன்னோர் ஊரில் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடெல்லாம் நடத்தினார்கள். அந்தப் பணம்தான் கடைசியில் வினையானது. அவர்களிடம் கடன்பட்டிருந்த பிரெஞ்சு அரசன் நான்காம் பிலிப் 1307 அக்டோபர் 13, வெள்ளிக்கிழமை விடியலில் நாடு முழுக்கக் கைதுசெய்தான். 1312இல் போப் சபையைக் கலைத்தார். கடைசித் தலைவர் ஜாக் டி மொலே 1314இல் பாரிஸில் எரிக்கப்பட்டார்.

எனக்கு டெம்ப்ளர்களைவிட ஹாஸ்பிட்டலர்கள் மேல் மதிப்பு அதிகம். நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கிய கூட்டம், பிறகுதான் ஆயுதம் எடுத்தது. அவர்கள் கையிலிருந்த ரோட்ஸ் தீவு 1522இல் பறிபோனது. 1530இல் மால்டா வந்தது. அங்கேயும் பெரிய ஆஸ்பத்திரி கட்டி நோயாளிகளுக்கு வெள்ளித்தட்டில் சோறு போட்டார்கள். வாள் பிடித்த கை கஞ்சியும் ஊட்டும் என்பதை உங்கள் கதையில் எங்காவது வையுங்கள்.

இங்கிலாந்தின் கார்ட்டர் ஆர்டர் மாதிரி, 1348 வாக்கில் அரசனே தொடங்கி, 26 பேரோடு நிறுத்திக்கொண்ட கௌரவக் கழகங்கள் வேறு ரகம். அது உங்களுக்கு வேண்டாம்.

ஆக, உங்கள் சபை எதைக் காக்கிறது என்று முதலில் முடிவு செய்யுங்கள். கண்மாய் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். மீதி அதிலிருந்து வரும்.

---

கல்வெட்டுக்காரி (ஆண்டிபட்டி):

தெற்குவாசல் அண்ணன் சொன்ன 'அரசன் செத்தாலும் தொடர்கிற ஆயுள்' என்பதை வைத்தே நானும் தொடங்குகிறேன்.

ஆபத்துதவிகள் ஞாபகம் பலருக்கும் உடனே வரும். பாண்டியனுக்குத் தென்னவன் ஆபத்துதவிகள், சோழனுக்கு வேளைக்காரப் படை. உயிர் கொடுப்பதாகச் சத்தியம் செய்தவர்கள். பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோவும், அரசன் இறந்தால் அவனோடு சிதையில் இறங்குகிற தோழர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். பிரமிக்க வைக்கும் விசுவாசம்தான். ஆனால் அரசனோடு முடிந்துபோகிற கூட்டத்தை வைத்துக்கொண்டு உங்கள் கண்மாயை நூறு வருஷம் காக்க முடியாது.

நான் உங்களுக்குக் காட்ட விரும்புவது பொலன்னறுவையில் இருக்கும் வேளைக்காரர் கல்வெட்டை. 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு. இலங்கையை ஆண்ட முதலாம் விஜயபாகு காலமான பிறகு, புத்தரின் பல் வைத்திருந்த தளதாய்ப் பெரும்பள்ளி என்ற பௌத்தக் கோயிலைக் காக்கும் பொறுப்பை வேளைக்காரப் படை ஏற்றுக்கொள்கிறது. வலங்கை, இடங்கை, வடுகர், மலையாளர் என்று பல கூட்டத்து ஆட்கள் அந்தப் படையில். அவர்கள் கூடி, அந்தப் பள்ளியையும் அதன் ஊர்களையும், அங்கே அடைக்கலம் புகுந்தவர்களையும், தாங்கள் அழிந்தாலும் காப்போம் என்று கல்லில் வெட்டி வைத்தார்கள். தங்கள் பெயரையே அந்தப் பள்ளிக்கும் சேர்த்து வைத்தார்கள். மீறுகிறவனுக்குச் சாபமும் உண்டு. ஒரு சபைக்கு வேண்டியதெல்லாம் அந்த ஒரே கல்லில் இருக்கிறது. அரசன் போய்விட்டான், வாக்கு நிற்கிறது. சொந்த ஊர்க் கோயில்கூட இல்லை, அடுத்த நாட்டுப் பள்ளி. அதற்காக இவர்கள் உயிரைப் பணயம் வைக்கிறார்கள். 'அடைக்கலம் புகுந்தவர்களையும்' என்று எழுதினார்களே, எனக்கு அந்த இடம்தான் எல்லாவற்றிலும் பெரிது.

பட்டம் கொடுக்கும் சடங்குக்கு வாள் தொடுவது வேண்டாம். நம்மிடம் ஏனாதி மோதிரம் இருக்கிறது. சிறந்த படைத்தலைவனுக்கு ஏனாதி என்ற பட்டமும் மோதிரமும் அரசன் கொடுப்பான். போருக்குப் பூவும் உண்டு. ஆநிரை கவரப் போகிறவன் வெட்சி சூடுவான், மீட்கப் போகிறவன் கரந்தை சூடுவான். உங்கள் சபை காக்கிற சபை என்பதால் கரந்தைதான் பொருந்தும். கவசத்துக்கு மேல் சிலுவை போட்ட வெள்ளை அங்கியின் இடத்தில், தலையில் ஒரு கொத்துக் கரந்தை.

எங்கள் பக்கம் வைகைக் கரையில் புலிமான்கோம்பை இருக்கிறது. 2006இல் அங்கே தமிழி எழுத்துள்ள நடுகற்கள் கிடைத்தன. ஒன்றில் கூடலூர் ஆகோள் சண்டையில், அதாவது ஆநிரை கவரும் சண்டையில், இறந்த தீயன் அந்துவனின் கல் என்று இருக்கிறது. ஆள் உயரம்கூட இல்லாத கல். அரசன் பெயர் இல்லை, புகழ்மாலை இல்லை. ஊர், சண்டை, ஆள், அவ்வளவுதான். உங்கள் சபையில் ஒருவர் இறந்தால் இப்படி எழுதுங்கள், நான் கண்ணீர் விட்டுப் படிப்பேன்.

ஒன்று விட்டுப்போயிற்று. இறந்தவன் குடும்பத்துக்கு ஊர் நிலம் கொடுக்கும். உதிரப்பட்டி என்று பெயர். நைட் கதைகளில் இறந்தவனுடைய மனைவி, பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று பெரும்பாலும் சொல்லவே மாட்டார்கள். நீங்கள் சொல்லுங்கள்.

---

சிம்மக்கல் ராக்கோழி:

அக்கா, அடைக்கலம் புகுந்தவர்கள் பற்றிப் படித்ததிலிருந்து கதைக்குள் ஒரு புது ஆள் வந்துவிட்டாள். தண்ணீர்த் திருடன் என்று ஊர் துரத்துகிற ஒருவனின் மகள், இரவில் சபையின் வாசலில் வந்து நிற்கிறாள். சபை என்ன செய்யும்? இதுதான் இனிக் கதை.

குதிரைதான் இன்னும் உதைக்கிறது. குதிரை இல்லாமல் நைட் இல்லை. ஆனால் நம் ஊரில் அத்தனை குதிரைக்கு எங்கே போவது?

---

தெற்குவாசல்காரன்:

அந்தத் தட்டுப்பாடு உண்மையிலேயே இருந்தது. பாண்டியர்கள் அரபு, பாரசீகக் கரையிலிருந்து கப்பலில் குதிரை வாங்கினார்கள். ஆண்டுக்கு 10,000 குதிரை வந்தது என்று வாசாஃப் என்ற பாரசீக வரலாற்றாசிரியர் எழுதுகிறார். வந்ததில் பெரும்பகுதி வருஷக் கடைசிக்குள் செத்துப்போகும் என்கிறார் மார்க்கோ போலோ. வளர்க்கத் தெரியாமல் சோற்றையும் வேகவைத்த இறைச்சியையும் கொடுத்தார்களாம். லாடம் அடிக்கவும் வைத்தியம் பார்க்கவும் தெரிந்த ஆட்களை வியாபாரிகள் இங்கே வரவிடவில்லையாம், குதிரை செத்தால்தானே அடுத்த கப்பலுக்கு வேலை. கஜானாவே குதிரையில் கரைந்த நாடு இது. மாணிக்கவாசகர் கதையும் குதிரை வாங்கக் கொடுத்தனுப்பிய பணத்தில்தானே தொடங்குகிறது? ஆவணி மூலத் திருவிழாவில் நரியைப் பரியாக்கிய லீலையை வருஷா வருஷம் பார்க்கிறோம். பகலில் குதிரை, இரவில் நரி. மாயாஜாலக் கதைக்கு இதைவிட என்ன வேண்டும்?

---

வேளார் வீட்டுப் பிள்ளை (மானாமதுரை):

நரி வேண்டாம் அண்ணே. அந்தக் கதையில் குதிரைகள் விடிவதற்குள் கொட்டடியில் இருந்த நல்ல குதிரைகளையும் கடித்துப் போட்டுவிட்டு ஓடிவிடும். காவல் சபைக்கு அது ஆகாது. நம்மிடம் வேறு குதிரை இருக்கிறது. எங்கள் வீட்டில் அதைத்தான் செய்கிறோம்.

அய்யனார் கோயில் பெரும்பாலும் எங்கே இருக்கும்? ஊர் எல்லையில், கண்மாய்க் கரையில். அங்கே வரிசையாக மண்குதிரை நிற்கும். அய்யனாரும் கருப்பனும் இரவில் அதன்மேல் ஏறி ஊரைச் சுற்றிக் காவல் பார்ப்பதாக நம்பிக்கை. நான் சின்னப் பையனாக இருந்தபோது, ராத்திரி வெளியே குளம்புச் சத்தம் கேட்டால் எட்டிப் பார்க்கக் கூடாது என்று அப்பத்தா சொல்லும். தம்பி தேடுகிற குதிரைப்படை ஏற்கெனவே கண்மாய்க் கரையில் நிற்கிறது.

மண்குதிரை செய்து கோயிலில் நிறுத்துகிற புரவி எடுப்புத் திருவிழா எப்படித் தொடங்குகிறது என்று சொல்கிறேன், ஏனென்றால் சத்தியச் சடங்கு அதற்குள்ளேயே இருக்கிறது. ஊர் கூடி நாள் குறித்ததும், ஊர்ப் பெரியவர்கள் தேங்காய், பழம், வெற்றிலை பாக்கோடு கோயில் மண்ணில் ஒரு பிடி எடுத்து, குதிரை செய்கிற குயவரான வேளார் கையில் கொடுப்பார்கள். அதற்குப் பிடிமண் என்று பெயர். அதை வாங்கிவிட்டால் பின்வாங்க முடியாது. விரதம் இருந்துதான் வேலை. அந்தப் பிடிமண்ணைக் கண்மாய் மண்ணோடு கலந்துதான் குதிரை உருவாகும். எங்கப்பா அதை வாங்கும்போது அவர் கை நடுங்கும். எத்தனையோ வருஷமாக வாங்குகிறவர்தான், ஆனாலும் நடுங்கும்.

இனி குதிரை. மண்ணோடு மணலும் உமியும் சேர்த்துக் காலால் மிதிக்க வேண்டும். மிதிப்பதில் குறை வைத்தால் சூளையில் தெரிந்துவிடும். முதலில் நாலு காலும் உள்ளே கூடாக எழும்பும். அதன்மேல் வயிறு, வளையம் வளையமாக. ஒரே நாளில் உயரத்தைக் கூட்ட முடியாது. கீழே வைத்தது இறுகினால்தான் மேலே அடுத்தது தாங்கும். ரொம்பக் காய்ந்துவிட்டாலும் ஒட்டாது, அதனால் ஈரச்சாக்கு போர்த்திப் போர்த்தி வைப்போம். கழுத்தும் தலையும் கடைசியில். வயிற்றடியில் துளை விட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே அடைபட்ட ஈரம் சூளையில் குதிரையை வெடிக்க வைத்துவிடும். சுட்டு எடுத்து வண்ணம் அடித்த பிறகும் அது பொம்மைதான். கண் திறந்த பிறகுதான் அது புரவி. அப்புறம் ஊரே தோளில் தூக்கிக்கொண்டு போய்க் கோயிலில் நிறுத்தும்.

இதைச் சபைக்கு இப்படி வையுங்கள். 7 வயதில் வருகிற பிள்ளைக்கு மண் மிதிக்கிற வேலை. 14 வயதில் கால் எழுப்பப் பழகட்டும். 21இல் தன் குதிரையைத் தானே முழுசாகச் செய்து சூளையில் வைக்கட்டும். வெடித்தால் இன்னும் ஒரு வருஷம் மண் மிதிக்கணும். வெடிக்காமல் வந்தால் ஊர் பிடிமண் கொடுக்கும், குதிரைக்குக் கண் திறக்கப்படும், அது தரையில் காலை உதைக்கும். கண்மாய் மண்ணால் ஆன குதிரை, அதனால் அந்தக் கண்மாய்த் தண்ணீர் பாய்கிற ஆயக்கட்டைத் தாண்டி அதனால் போக முடியாது. போனால் மண்ணாக உதிரும். உங்கள் வீரர்கள் ஏன் ஊர் ஊராகப் படையெடுக்கவில்லை என்ற கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும்.

நிறுத்திய குதிரையை நாங்கள் பழுது பார்ப்பதில்லை. மழையிலும் வெயிலிலும் காது போகும், வால் போகும். அடுத்த எடுப்புக்குப் புதுக் குதிரை வரும், பழையது பக்கத்திலேயே நிற்கும். கவசம், கேடயம் எல்லாவற்றையும்விட இதை நீங்கள் நேரில் பார்க்க வேண்டும் தம்பி. எங்கள் பக்கம் வந்தால் கூட்டிக்கொண்டு போகிறேன்.

---

அழகர்கோவில் ரோடு:

பிடிமண் அருமை. ஆனால் சத்தியத்தை மீறுகிறவனுக்கு என்ன என்பதும் வேண்டுமல்லவா? அழகர்கோவிலில் பதினெட்டாம்படிக் கருப்பனுக்குச் சிலை கிடையாது. சாத்திய கதவுதான் சாமி, அதற்குச் சந்தனம் பூசிக் கும்பிடுகிறோம். கடன் தகராறு, பங்காளிச் சண்டை எல்லாம் அந்தப் படியில் சத்தியம் செய்தால் முடிந்தது. பொய்ச் சத்தியம் செய்ய ஒருவனும் துணிய மாட்டான். சித்திரையில் அழகர் மதுரைக்குக் கிளம்பும்போது அவர் போட்டுப்போகிற நகைக்குக்கூடக் கருப்பன் சன்னதியில் கணக்குச் சொல்லிவிட்டுத்தான் போவார் என்பார்கள். பெருமாளே காவல்காரனிடம் கணக்குச் சொல்கிறார் என்றால் அந்தக் காவலின் மரியாதை எப்பேர்ப்பட்டது பாருங்கள். உங்கள் சபைத் தலைவனும் வருஷம் ஒருமுறை அப்படி ஒரு கதவின் முன் நின்று கணக்குச் சொல்லட்டும்: எத்தனை மடை திறந்தோம், யாருக்குத் தண்ணீர் விட்டோம், யாரைத் திருப்பி அனுப்பினோம் என்று.

---

கல்வெட்டுக்காரி (ஆண்டிபட்டி):

இது மிகச் சரி. டெம்ப்ளர்கள் போப்புக்கு மட்டும்தான் பதில் சொல்வார்கள். சுற்றி வாழ்ந்த மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய இடமே அவர்களிடம் இல்லை. அரசன் கைவைத்தபோது அவர்களுக்காக எழுந்து நிற்க ஊர் இல்லாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். உங்கள் சபைக்குப் பிடிமண் கொடுப்பது ஊர், கணக்குக் கேட்பதும் ஊர். சாப்பாட்டுக்கும் அதே வழிதான். பழைய பாடிகாவல் மாதிரி, களத்தில் நெல் அளக்கும்போது காவலுக்கு ஒரு பங்கு. தனியாகக் கஜானா வேண்டாம். கஜானா இருந்தால் பிலிப் வருவான்.

---

சிம்மக்கல் ராக்கோழி:

எல்லோருக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். கதையின் முதுகெலும்பு கிடைத்துவிட்டது. சபைக்குக் கரந்தையார் என்று பெயர் வைக்கப்போகிறேன். ஏனாதி மோதிரத்தை அரசன் அனுப்புகிறான், தலைவி அதைத் திருப்பி அனுப்பிவிடுகிறாள், ஏனென்றால் மோதிரம் வாங்கினால் அரசனின் ஆள், பிடிமண் வாங்கினால் ஊரின் ஆள். அரசனுக்கும் சபைக்கும் பகை அங்கே தொடங்குகிறது. ஆம், தலைவிதான். இறந்துபோன ஒரு வீரனின் மனைவி. உதிரப்பட்டி நிலத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டு மண் மிதிக்க வந்து உட்கார்ந்தவள்.

வாசலில் நிற்கிற அந்தத் திருடன் மகளுக்குப் பிடிமண் கொடுக்க எந்த ஊரும் இல்லை. அவள் எந்த ஊர் மண்ணை மிதிப்பாள் என்பதுதான் இப்போது என் மண்டையைக் குடைகிறது.

வேளார் அண்ணே, ஒரு சந்தேகம். வேறு வேறு கண்மாயின் மண்ணைக் கலந்து குதிரை செய்தால் சூளையில் நிற்குமா?

---

வேளார் வீட்டுப் பிள்ளை (மானாமதுரை):

நிற்கும். ஒரு கண்மாய் மண் ரொம்பப் பிசுபிசுப்பாக இருக்கும், இன்னொன்றில் மணல் ஓடும். தனித்தனியாக இரண்டும் சரிப்படாது. இரண்டையும் கலப்பது வழக்கம்தான், விகிதம் தெரிய வேண்டும். ஆனால் ஒரு மண்ணை மிதிக்கிற நேரம் போதாது, கூடுதல் நேரம் மிதிக்க வேண்டும். அவளை இரண்டு மடங்கு மிதிக்க விடுங்கள். அப்புறம் அவள் குதிரை ஒரு ஆயக்கட்டுக்குள் அடங்காது, மண் எடுத்த கண்மாய் எல்லாவற்றுக்கும் போகும். அதை வைத்து இரண்டாம் பாகமே எழுதலாம்.